ஏழாம் நம்பர் பிரஸ்

மார்ச் 3

அன்புள்ள பாப்பா,

நலமா? ஆபீசில் எங்கள் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

உன் முதல் பாட்டு வந்தபோது எங்கள் கேன்டீனே அதை முணுமுணுத்தது. ‘இந்த ராப் பாடுற பொண்ணு என் தங்கச்சிடா’ என்று சொல்லத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டேன். நல்லவேளை, அடக்கினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பாட்டைக் கேட்டேன். தாளமாக ஓடுவது எங்கள் ஷெட்டில் தகடு அடிக்கும் ஏழாம் நம்பர் பிரஸ் மெஷின்! நான்கு அடி ஒழுங்காக அடித்து ஐந்தாவதில் தடுமாறும். ‘உன் பாட்டுக்கு ஆகுமா பார்’ என்று விளையாட்டாகப் பதிவு செய்து அனுப்பினேன். நீ அப்படியே போட்டுவிட்டாய். தினம் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் நிற்பவர்களுக்கு அடையாளம் தெரியாதா?

ஷெட்டுக்குள் போன் வைத்திருப்பது சூப்பர்வைசர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். “யாருய்யா எடுத்தது?” என்று மேனேஜர் கேட்டார். பதிவை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். அண்ணிக்கு இது ஏழாம் மாதம். பாட்டை நெட்டிலிருந்து எடுத்துவிடு, கண்ணு.

உன் அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

மன்னித்துவிடு. எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும் என்று நினைத்த முட்டாள் நான். உன் கடிதம் வந்த அன்றே பாட்டை எடுக்க உட்கார்ந்தேன்.

அதற்குள் ஒரு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. உங்கள் ஏழாம் நம்பரில் வேலை பார்த்தவர். “என் ரெண்டு விரல் போன சத்தம்மா இது. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் கவனமில்லாம கைய விட்டேன்னு எழுதிட்டாங்க. பாட்ட மட்டும் எடுத்துடாத” என்றார். விசாரணை அறிக்கையின் படத்தையும் அனுப்பினார்.

கீழே சாட்சிக் கையெழுத்து. அப்பா போன பிறகு என் ரேங்க் கார்டுகளில் எல்லாம் நீ போட்ட அதே கையெழுத்து.

அண்ணா, நீ அனுப்பிய பதிவின் தேதியைப் பார்த்தேன். விபத்துக்கு நான்கு நாள் முன்பு. மெஷின் தடுமாறுவது உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அது உன் கையெழுத்து இல்லை என்று சொல்லேன், நம்பிவிடுகிறேன்.

தங்கை

மார்ச் 13

பாப்பா,

என் கையெழுத்துதான். மெஷின் சரியில்லை என்று வாயால் சொன்னேன். “ஆர்டர் முடியட்டும்” என்றார்கள். அந்தம்மாவுக்கு அடிபட்ட பிறகு காகிதத்தை நீட்டினார்கள், போட்டேன். நீ மைக் முன்னால் நின்று நியாயம் பேசலாம். கைதட்டுவார்கள். நான் காலை ஆறு மணிக்கு அந்த கேட்டுக்குள் நுழைய வேண்டும்.

நேற்று இன்னொரு சூப்பர்வைசரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பதிவு செய்தது அவன்தான் என்று. என் கல்யாணத்தில் பந்தி பார்த்தவன். போகும்போது என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போனது போகட்டும். பாட்டை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். உன்னை வளர்த்தவன் கேட்கிறேன்.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

பாட்டை இன்று காலை எடுத்துவிட்டேன். நீ என்னை வளர்த்ததற்கு அது. பாட்டைக் கேட்டவர்கள் எல்லாம் ‘பயந்துட்டா’ என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

மூன்றாவது பாட்டு தயாராக இருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றியது. அதை ஒருமுறை பாடிப் பார்த்தேன். உன் முகம் வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். அதுவும் வெளிவராது.

ஆனால் நீ அனுப்பிய அசல் பதிவை, தேதியும் உன் நம்பருமாக, அந்த அக்காவின் வக்கீலிடம் இன்று நானே கொடுத்துவிட்டேன். பாட்டை எடுக்கச் சொல்லி நீ கேட்டாய். இதற்கு நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடி அண்ணியைக் காட்டுவாய், நான் மறுபடி இளகிவிடுவேன்.

அடுத்த வியாழக்கிழமை லேபர் கோர்ட்டில் அந்த அக்காவின் வழக்கு விசாரணை. பதினொரு மணிக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். பத்து மணிக்கு நீயாகவே போய் உண்மையைச் சொல்லிவிடு அண்ணா. வாசலில் நான் நிற்பேன். நீ வரவில்லையென்றால், பதினொரு மணிக்கு அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

தங்கை