குளிர்பெட்டியின் மீது போட்ட பழி

அன்பானவருக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. மாடிக் குழாய் ஒழுகியதை நேற்று சரி செய்தாயிற்று.

ஆய்வகத்தில் ரத்தம் கையாள்கிற எங்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டதை எழுதியிருந்தேன். மூன்று தவணை போட்டும் என் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்று மறுபடியும் மூன்று போட்டார்கள். அப்போதும் பூஜ்யம்.

நான் குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டேன். மின்சாரம் போன நாளில் மருந்து கெட்டிருக்கும் என்று, அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் எல்லோர் முன்னிலும் கத்திவிட்டேன். பனிக்கரடி என்று நாங்கள் கூப்பிடுகிறவர். அவர் கோபப்படவில்லை. வெப்பநிலைப் பதிவேட்டை நீட்டினார். "பொண்டாட்டியக்கூட இவ்வளவு கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டதில்லம்மா. நீயே பாத்துக்க." பதிவில் ஒரு குறையும் இல்லை. அதே மருந்தைப் போட்டுக்கொண்ட மற்ற பதினொரு பேருக்கும் நன்றாகவே வேலை செய்திருந்தது.

அதன் பிறகுதான் டாக்டர் வேறொரு பரிசோதனை எழுதினார். மறுபடி செய்தும் உறுதி செய்தார்கள். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

தடுப்பூசி உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டுகிறது. அதைப் பார்த்து மற்ற அணுக்களை வேலைக்கு ஏவுவது ஒருவகை வெள்ளை அணு. இந்தக் கிருமி அதற்குள்தான் புகுந்து அதை அழிக்கிறது. அந்த அணு ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு நூற்றறுபது. ஆறு தடவை முகத்தைக் காட்டியும், உள்ளே ஏவுவதற்குப் போதிய ஆளில்லை.

நான் அழவில்லை. அலமாரியில் மடித்திருந்த உங்கள் சட்டைகளைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

மாத்திரை தொடங்கியாயிற்று. அணுக்கள் ஏறியதும் இரட்டை அளவில் ஊசி போட்டால் பிடிக்க வாய்ப்பு உண்டாம். "அவரையும் பாக்கச் சொல்லும்மா, தள்ளிப்போட வேணாம்" என்றார் டாக்டர். அத்தையிடம் சொல்லவில்லை. பனிக்கரடி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை.

வேலையில் அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி தவறிக்கூட ஒருநாளும் என்னைக் குத்தியதில்லை. ஐந்து வருடத்துக்கு முன், நம் கல்யாணத்துக்கு முந்தின மாதம் எடுத்த பரிசோதனையில் எதுவும் இல்லை. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

இருமல் ஒரு மாதமாக விடவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இது கைக்குக் கிடைத்த அன்றே பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். யார், எப்போது என்று எழுத வேண்டாம். உங்களுக்கு அந்த அணு எத்தனை மிச்சம் என்று மட்டும் எழுதுங்கள்.

காற்றில் போகும்போது கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னமும் உங்கள் வீட்டில் இருப்பவள்.