பன்னிரண்டு கன்வஸும் என் ஒரு பொத்தானும்

மார்ச் 3, திங்கள்

மழையும் பனியும் கலந்த சனியன். கார்க் கண்ணாடியைச் சுரண்டியே கை விறைத்துப்போனது.

இன்றைக்கு:
– ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பம், முகங்கள் பாக்கி
– பெரிய விளக்குக்குப் புது பல்ப்
– 2 மணி, ஓவியக்காரி

மூன்றாவது வேலை மகள் ஆரணி தலையில் கட்டியது. அவள் வேலை செய்யும் ஓவியக் கலரியில் அடுத்த மாதம் கண்காட்சி. கூடவே ஒரு புத்தகமும் அச்சடிக்கிறார்களாம். ஓவியங்களைப் படமெடுக்க ஆள் வேண்டும். "என்ர அப்பா செய்வார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது வருடம் கலியாணப் படம் எடுத்தவன் இனிச் சுவரில் தொங்கும் துணியை எடுக்க வேண்டும்.

ஓவியக்காரி பெயர் மிரெய். ஹெயிட்டிக்காரி, ஐம்பது வயதிருக்கும். சென்ட் லோரன்ட்டில் பழைய தையல் தொழிற்சாலை, மூன்றாம் மாடி. லிஃப்ற் பழுது. விளக்கு, தாங்கி, பெட்டி எல்லாம் நான் சுமந்தேன். ஏறி வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர்? ம்ஹூம்.

பன்னிரண்டு கன்வஸ், எல்லாம் ஆளுயரம், எல்லாரும் கறுப்பு ஆட்கள். ஒவ்வொருவரும் தங்கள் சின்ன வயதுப் புகைப்படம் ஒன்றைக் கையில் பிடித்தபடி நேரே பார்க்கிறார்கள். உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிற பார்வை.

மிரெய் பிரெஞ்சில் பொழிந்தாள். ஆரணி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்: "பெரிய மியூசியங்களில இருக்கிற ஓவியங்களில கறுப்பு ஆக்கள் தட்டு ஏந்திக்கொண்டு மூலையில நிப்பினமாம். தான் அந்த மூலையை மட்டும் பெருப்பிக்கிறாவாம்."

கேட்டேனா நான்?

மார்ச் 4, செவ்வாய்

படம் எடுப்பு. 9 முதல் 5 வரை. முதுகு செத்துவிட்டது.

எந்த வேலைக்கும் முதல் படம் நிற அட்டைக்குத்தான். சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் உள்ள மட்டை. அதை வெளிச்சத்தில் பிடித்து ஒன்று எடுத்துவைத்தால் பிறகு நிறம் பிசகாது. இது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அப்படியிருந்தும் அந்த மனுசி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். விசர் பிடித்தது.

தன்னிடம் கறுப்புச் சாயக் குழாயே இல்லையாம், ஆரணி தமிழாக்கினாள். நீலம், செம்மண் நிறம், கொஞ்சம் பச்சை எல்லாம் குழைத்துத்தான் தோலுக்குப் பூசுவாளாம். அவளைப் போல லண்டனிலும் ஆப்பிரிக்காவிலும் இப்போது நிறையப் பேர் இப்படித்தான் படம் கீறுகிறார்களாம். கீறட்டும். எனக்குக் கரிச்சட்டிதான் தெரிந்தது.

ஐந்தாவது படத்தில் இருப்பது அவளுடைய தாய். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் கூட்டித் துடைத்த மனுசியாம். வேலை உடுப்போடு, பயணிகள் இருக்கும் சீற்றில் காலுக்கு மேல் கால் போட்டு இருக்கிறா.

மார்ச் 6, வியாழன்

வெயில். ஆனால் −14.

காலையிலேயே ஒரு மணப்பெண்ணின் தாய் போன். "அண்ணை, பிள்ளை கொஞ்சம் பொது நிறம். மாப்பிள்ளை பகுதி அல்பத்தைப் பாக்கும். ஒருக்கா வெளிக்க வைச்சு விடுங்கோ, என்ன."

ஓமோம். சொல்ல வேண்டுமா? இதற்கென்றே கொம்பியூட்டரில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். ஒரு தட்டு, முகமெல்லாம் இரண்டு படி வெளிக்கும். இந்த ஊரில் என் பொத்தானுக்குத் தப்பிய தமிழ் மணப்பெண் குறைவு.

பிற்பகல் ஓவியங்கள் பன்னிரண்டையும் முடித்து அனுப்பியாயிற்று. நாலு மணிக்கு முன். யாரும் மெச்சப் போவதில்லை.

மார்ச் 10, திங்கள்

நாசமாய்ப் போன நாள்.

ஆரணி போன்: "அப்பா, உடன வாங்கோ." வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனால், மிரெய் புத்தகத்துக்கான அச்சு மாதிரித் தாளைத் தாயின் கன்வஸுக்குப் பக்கத்தில் பிடித்தபடி நிற்கிறாள். கன்வஸில் கறுப்பு மனுசி. தாளில் பிஸ்கற் நிறத்தில் யாரோ ஒருத்தி. பன்னிரண்டும் அப்படித்தான். அந்தப் பொத்தானை அழுத்தியது எனக்கு ஞாபகமே இல்லை. கை தன்பாட்டில் போயிருக்கிறது.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆரணி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "இது ஆருடைய அம்மா எண்டு கேக்கிறா."

"இருட்டாக் கிடந்தது. கொஞ்சம் வெளிக்க வைச்சா வடிவா இருக்கும் எண்டு சொல்லு."

"நான் சொல்லமாட்டன்."

பெற்ற மகள். வேற்றாள் முன்னால்!

போகத் திரும்பியபோதுதான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த இன்னொரு கன்வஸை ஆரணி திருப்பினாள். பதின்மூன்றாவது. அதில் ஆரணியே. மூன்று மாதமாக மிரெய்யிடம் போய், கீறுவதற்காக இருந்திருக்கிறாள், எனக்கு மூச்சு விடவில்லை. கையில் புகைப்படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளைச் சதுரம்.

"ஏன் இவ்வளவு கறுப்பாக் கீறி வைச்சிருக்கிறா?" வாயில் வந்துவிட்டது.

ஆரணி சட்டைக் கையைச் சுருட்டினாள். கையைக் கன்வஸில் இருந்த கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். ஒரே நிறம். துளி வித்தியாசம் இல்லை.

"என்ர சாமத்தியவீட்டுப் படம் ஒண்டு தாங்கோ. நீங்கள் வெளிக்க வைக்காதது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், அந்த இடத்தில கீறுறதுக்கு."

"அதுக்கென்ன, கிடக்கும்" என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பன்னிரண்டையும் திரும்பச் செய்தேன். பொத்தான் இல்லாமல். முதலில் எடுத்தது அழியாமல் இருந்தது நல்ல காலம்.

இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்க்காரியின் கன்னத்தடியில் நீலம் இருக்கிறது. மூக்கோரம் கள்ளிப்பச்சை. நெற்றியில் சிவப்பு, அடுப்படியில் நின்று வந்தது போல. நான் அழித்தது இதைத்தான். திறமான வேலை. மிரெய்க்கு இதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

மனைவியிடம் முறையிட்டேன்: மகளைப் பார், நாலு பேருக்கு முன்னால் தகப்பனை விட்டுக்கொடுக்கிறாள்.

வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னாள்: "நீங்கள்தானே செய்தது."

சோறு வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ஊத்தைப் பனி. இரண்டு கலியாண வேலை தள்ளிவைத்தேன்.

ஆரணியின் படங்கள், பார்த்தவரை:
சாமத்தியவீடு, 212 படம். எல்லாம் வெளிப்பு.
பரதநாட்டிய அரங்கேற்றம். வெளிப்பு.
ஐந்தாம் பிறந்தநாள். வெளிப்பு, உதட்டுக்கு ரோஸ் நிறம் வேறு.
பட்டமளிப்பு. வெளிப்பு.
நாலு ஹார்ட் டிஸ்க், மூன்று பெட்டி. கை வைக்காதது ஒன்றுகூட இல்லை.

இடம் போதாதென்று அந்தக் காலத்தில் மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிடுவேன். ஊரார் பிள்ளைகளுக்கும் அதுதான், என் பிள்ளைக்கும் அதுதான்.

சாமத்தியவீட்டு மண்டப வாசலில் அவள் படத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு அச்சடித்து நிறுத்தியிருந்தேன். பன்னிரண்டு வயது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, இது நானில்லை." நான் சிரித்தேன். "எல்லாரும் வடிவு எண்டு சொல்லினம், உனக்கென்ன?"

போன வருடம் அவள் தனி வீடு போனபோது என் படம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. சுவர் வெறுமை. ஆணி அடிக்க நேரமில்லை என்று நினைத்தேன். மடையன்.

வெட்கமாக இருக்கிறது. யாரையாவது ஏச வேண்டும் போலவும் இருக்கிறது. மிரெய்யைத் திட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இவள் மூன்று மாதத்தில் பார்த்த பிள்ளையை நான் இருபத்துநாலு வருடமாகப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வெயில். கூரைப் பனி சொட்டுகிறது. காலை 10க்கு ஆரணி: "கிடைச்சுதா? இண்டைக்கு மத்தியானம்தான் கடைசி."

11.20. கிடைத்தது!

நாலாவது ஹார்ட் டிஸ்க்கில், குப்பை என்று பெயரிட்ட கோப்புறைக்குள். சாமத்தியவீட்டன்று சனம் வருவதற்கு முன், மேடையில் வெளிச்சம் பார்க்க எடுத்த முதல் படம். இதற்கெல்லாம் யார் பொத்தான் தட்டுவது? கமராவில் விழுந்தது விழுந்தபடி இருக்கிறது.

சிவப்புச் சேலை. ஒட்டியாணம். முழங்கை வரை மருதாணி. இரண்டு கையாலும் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விரல், மணிக்கட்டு, முழங்கை, எல்லாம் அவளுடைய நிறம். திங்கட்கிழமை கன்வஸுக்குப் பக்கத்தில் நீட்டிய அதே கை, சின்னதாக. எவ்வளவு வடிவான நிறம். நெடுநேரம் பார்த்தேன்.

அனுப்பினேன். "இதுதான் இருக்கு, பிள்ளை."

இரண்டு நிமிடத்தில் பதில்.

"முகம் எங்க அப்பா?"

அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. முகத்துக்கு நேரே பிடி, அசையாதே என்று அதட்டியவன் நான். அதை எழுதி அனுப்ப இன்னும் கை வரவில்லை. மணி 11.50.