‘எப்போதும்’ என்று பதில் சொன்ன அப்பாவுக்கு

என் முதல் பரிசோதனைக்கு அகப்பட்ட அப்பாவுக்கு,

நாளைக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டை எழுதியவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். சமாளித்துவிட்டால் அன்றைக்கே முனைவர். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று ஒருமுறை உங்களிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். நீங்கள் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இப்போது ஊரே வேன் பேசி வைத்திருக்கிறது.

மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. பெரியசாமி மாமாதான் ஏணி போட்டுப் பறித்துக் கொடுத்தார். ஐப்பசி மழையில் உங்களை ஆஸ்பத்திரிக்கென்று வண்டியில் ஏற்றி மலையிறக்கினோமே, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வருவதற்குள் நீங்கள் போய்விட்ட அந்த வண்டியின் டிரைவர்தான் நாளைக்கும் வேன் ஓட்டுகிறார். வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா, நான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாதவளாக ஆகிவிட்டேன். நீங்கள் இல்லாதது அந்த வகையில் வசதி.

இளங்கலை உளவியலில் செய்முறைப் பாடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. லீவுக்கு வந்தபோது நீங்கள் கிடைத்தீர்கள். கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் ஒன்றின் கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். பென்சிலை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“இதுக்கு மார்க்கு எனக்கா, உனக்கா கண்ணு?”

“எனக்குத்தானுங்கப்பா.”

“அப்ப இரு. கை கழுவிட்டு வாரேன்.”

முதுகலையில் ஆளுமைச் சோதனை. மரவள்ளி பிடுங்கிய களைப்போடு உட்கார்ந்து, “இதுல எது கண்ணு சரியான பதிலு?” என்றீர்கள். சரி, தவறு என்று இதில் எதுவும் கிடையாது என்றேன். “சரியும் தப்பும் இல்லாததுக்கா இத்தன பீஸு கட்டறம்?” இதை வகுப்பில் சொன்னேன். பேராசிரியர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

முனைவர் பட்டத்துக்கு நம் மலையில் எடப்புளி நாட்டு விவசாயிகளின் மனநிலையை எடுத்துக்கொண்டேன். சோகமாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் என்று நான்கு பதில்கள். அவரவர் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போனேன். யாரும் யோசிக்கவே இல்லை. பதில்கள் மடமடவென்று வந்தன. மலை விவசாயிகள் பெரும்பாலும் மனநிறைவோடு இருக்கிறார்கள், அங்கங்கே கொஞ்சம் சோகம் உண்டு என்று முடிவு வந்தது. நெறியாளர் பூரித்துப்போனார். “இவ்வளவு சுத்தமான தரவை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லம்மா.”

நம் வீட்டுக்குக் கடைசியாக வந்தேன். அம்மா போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்கும். நீங்கள் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். தூக்கம் வராமல் இருக்கிறதா என்றேன். “எப்போதும்” என்றீர்கள். வாழ்க்கையில் பிடிப்பு இல்லாததுபோல் தோன்றுகிறதா என்றேன். “எப்போதும்.” எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே குரல்.

“அப்பா, வெளையாடாதீங்க. ஒழுங்காச் சொல்லுங்க.”

மிளகை ஒருமுறை கையால் கிளறிவிட்டீர்கள். “அப்ப இல்லீன்னே போட்டுக்க கண்ணு.”

போட்டுக்கொண்டேன். கேள்வி கேட்பவர் பதில் சொல்பவரை எந்த விதத்திலும் பாதிக்கக் கூடாது என்று என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் உண்டு. நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள்.

உங்கள் காரியம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெரியசாமி மாமா பேச்சை எடுத்தார்.

“உங்கப்பா மட்டும் இல்லீன்னா நீ பாஸே ஆயிருக்க மாட்ட சாமி.”

நம் ஊரில் வெளியாள் வந்து எதைக் கேட்டாலும் முதலில் ஊர் கூடிப் பேசித்தான் பதில் சொல்வார்கள். ரோடு பற்றிக் கேட்டாலும் அப்படித்தான், ரேஷன் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். ஊர்த்தலைவரான கவுண்டர் முன்னால் பேசி முடித்த பிறகு தனியாக ஒருவர் வேறு பேச்சுப் பேச மாட்டார். இதே ஊரில் பிறந்த நான், இந்தக் கேள்விகளோடு வரும்போது நானும் வெளியாள்தான் என்பதை நினைக்கவில்லை. ஊரைக் கூட்டியவர் நீங்கள். புள்ளைக்கு மார்க் இதில்தான் இருக்கிறது என்று சொல்லி, வீட்டில் நான் வைத்திருந்த கேள்வித்தாளைப் பார்த்து, நான்கு பதில்களையும் ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

“எனக்கு ‘அடிக்கடி’யக் குடுத்துட்டாருங்க” என்று சின்னப்பொண்ணு அத்தை இன்னும் ஆறாத கோபத்தோடு சொன்னார். “நான் எதுக்கு அடிக்கடி அழுவோணும்? எம்பையன் திருப்பூர்ல நல்லாத்தான் இருக்கறான்னு சண்டையே போட்டனே.”

“எல்லாரும் ஒண்ணையே சொன்னாக் காப்பின்னு புடிச்சுருவாங்கள்ல?” என்றார் மாமா. “அதுக்குத்தான் கலந்து கலந்து குடுத்தாரு. ‘எப்போதும்’ ஆருக்குன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. ‘அத நானே வெச்சுக்கறேன், எனக்கொண்ணும் சிரமமில்ல’ன்னுட்டாரு உங்கப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா என் பக்கம் திரும்பினார். “நல்லா நடிச்சாரா கண்ணு?”

“நல்லா நடிச்சாருங்க மாமா” என்றேன்.

அன்றிலிருந்து பழையதையெல்லாம் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அம்மா போன பிறகும் நீங்கள் இரண்டு பேருக்குத்தான் களி கிண்டினீர்கள். ஏனுங்கப்பா வீணாக்குறீங்க என்று கேட்டேன். பொழுது விடியும் முன்பே ஹாஸ்டலுக்குப் போன் செய்வீர்கள். என்னவென்று கேட்டால், “சும்மாதான் கண்ணு.” விவசாயி சீக்கிரம் எழுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். தூக்கமின்மை பற்றி அப்போது ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அது நடிப்பா அப்பா? ஊருக்காக வாங்கிக்கொண்ட பதிலா, சொல்ல வேறு வழி தெரியாமல் கேட்டு வாங்கிய பதிலா?

நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். “இதையெல்லாம் வைவாவுல பேசாதம்மா. கல்லூரி வேலை கைக்கு வந்திருக்கு. பட்டம் வாங்கிட்டு இதையே தனிக் கட்டுரையாப் போட்டுடலாம், நல்ல விஷயம்” என்றார். என் துக்கத்துக்கும் ஆய்விதழில் இடம் இருக்கிறது என்பது ஒரு விதத்தில் ஆறுதல்தான்.

மாமாவிடமும் சொன்னேன், எல்லாம் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்று. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“அப்ப நாங்க சொன்னது தப்பாப் போச்சா சாமி?”

“தப்பு உங்களுதில்லீங்க மாமா.”

“நீ ஒண்ணும் கவலப்படாத. நாளைக்கு நாங்களே வந்து சொல்லீர்றம். ஆரு ஆருக்கு எதுன்னு இன்னும் மனப்பாடமா இருக்குது.”

வேனில் அவர்களும் வரட்டும். அவர்கள் முன்னால்தான் சொல்லப்போகிறேன். இந்தத் தரவு ஊரின் அன்பு, ஊரின் மனநிலை அல்ல என்று சொல்வேன். என் அப்பாவின் பதிலை மாற்றி எழுதியது நான் என்றும் சொல்வேன். அவர் சொன்னது நிஜமா என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். இத்தனை வருஷப் படிப்பில் நான் தயங்காமல் சொல்லும் முதல் முடிவு அதுவாக இருக்கும். பட்டமும் வேலையும் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைத் தேர்வாளர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். அவர்களும் ஓர் ஊர்தானே.

திருப்பி அனுப்பினால் மலையேறி வருவேன். மறுபடி வீடு வீடாகப் போவேன். யாராவது சிரித்துக்கொண்டே ‘எப்போதும்’ என்று சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். “எப்ப இருந்துங்க?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி அது. அதற்கு மார்க் கிடையாது அப்பா.

இன்னும் பாஸாகாத,
உங்கள் மகள்