பதினான்காம் அடுக்கு

ஜபல் அல்-லுவைப்தா, அம்மான்
மார்ச் 12, 2006

என் அன்புக்குரிய நுஹாத்துக்கு,

இங்கு முழங்காலைத் தவிர அனைவரும் நலம். உன் நலத்தை நீ எழுதாவிட்டாலும் உன் மகன் என் தங்கையிடம் சொல்லிவிடுகிறான். ஆதலால் நேரே செய்திக்கு வருகிறேன். நான் மறுபடியும் சம்பளம் வாங்குகிறேன். சிரித்து முடித்தபின் மேலே படி.

என் தங்கை ஸல்வாவின் மகன் ஐஹம், மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறைகளை வாடகைக்குப் பிடித்து ‘ஸியாஜ்’ என்று ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறான். வேலி என்று பெயர் வைத்தவனுடைய வாசற்கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் கிடையாது. கணினிகளுக்குள் திருடர்கள் நுழையாமல் காப்பது பாதி வேலை. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கக் கூடாத இணையப் பக்கங்களைத் தடுப்பது மீதி. இதுவரை பதினொரு பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன.

“பெரியம்மா, நாலு லட்சம் பக்கம் குவிஞ்சு கெடக்கு. எது எங்க போகணும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. பல்கலைக்கழக நூலகத்துல முப்பத்தொரு வருஷம் நீங்க இதத்தானே செஞ்சீங்க?” என்றான்.

“ஜனங்க தேடினா கெடைக்கணும்னு நான் அடுக்கினேன்டா. நீ கெடைக்கக் கூடாதுன்னு அடுக்கச் சொல்ற.”

“அடுக்குறது ஒண்ணுதானே பெரியம்மா!”

சரி என்று சொல்லிவிட்டேன்.

அறுபது அடுக்குகள் வகுத்திருக்கிறேன். சூதாட்டம், ஆயுதம், மருத்துவம், சமையல் என்று போகும். நிரல் எழுதும் பையன்கள் ஒரே பக்கத்தை இரண்டு மூன்று அடுக்குகளில் வைக்கலாம் என்றார்கள். ஒரு நூலுக்கு ஓர் இடம்தான், இரண்டு இடத்தில் நிற்கும் நூல் எங்கும் இல்லாத நூல் என்று இரண்டு நாள் வாதாடி வென்றேன். எழுபதை எட்டப்போகும் வயதில் வாதத்தில் வெல்வது உடம்புக்கு நல்லது.

உன்,
வஜீஹா

*

லார்னகா, சைப்ரஸ்
ஏப்ரல் 9, 2006

அடி வஜீஹா,

இரண்டு முறை சிரித்தேன். டமாஸ்கஸில் விடுதிக் காப்பாளரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுச் சுவரேறிக் குதித்தவள் வேலி போடுகிறாளாம்.

என் செய்தி கேள். இணையத்தில் நான் நடத்தும் ‘கேள், சகோதரி’ பக்கத்துக்கு நாளொன்றுக்கு நாற்பது கடிதங்கள் வருகின்றன. ஸர்க்கா மருத்துவமனையில் இருபத்தெட்டு ஆண்டுகளில் பெண்கள் என்னிடம் கேட்காததையெல்லாம் இப்போது முகம் காட்டாமல் கேட்கிறார்கள். பெரும்பாலும் வளைகுடா வீடுகளிலிருந்து. நேற்று ஒருத்தி எழுதுகிறாள்: “டாக்டரம்மா, கல்யாணமாகி ஒம்பது வருஷம் ஆச்சு. இது வலிக்கணுமா வலிக்கக் கூடாதான்னே எனக்குத் தெரியாது. மாமியார்கிட்ட கேட்டா பொம்பளைன்னா அப்படித்தாங்கிறாங்க.” மாமியாருக்கும் சேர்த்துப் பதில் எழுதினேன்.

படங்களை நானே வரைகிறேன். மார்பைக் கையால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் முறையை ஆறு படங்களாக வரைந்து சாப்பாட்டு மேசையில் காயவைத்தேன். மருமகள் மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. அந்த மூன்று நாளும் வீடு அமைதியாக இருந்தது.

உனக்கு மட்டும் காகிதத்தில் எழுதுகிறேன். கணினியில் இருக்கும் அஞ்சல்பெட்டி அந்தப் பெண்களுடையது. அது போகட்டும், என்னை எந்த அடுக்கில் வைத்திருக்கிறாய்?

நுஹாத்

*

அம்மான்
நவம்பர் 20, 2008

அன்புள்ள நுஹாத்துக்கு,

நீ கேட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. பிந்திய பதிலைப் பொறுத்துக்கொள். மருத்துவத்தில்தான் இருப்பாய், வேறெங்கே? தேடிப் பார்க்கவில்லை. இப்போது எழுபது லட்சம் பக்கங்கள்.

மருந்துக்கடை மாடியைக் காலி செய்துவிட்டோம். ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கட்டடம். நூற்று நாற்பது பேர். மின்தூக்கியில் என்னைப் பார்க்கும் பிள்ளைகள் யாருடைய தாயார் என்று கேட்கிறார்கள். வளைகுடாவில் ஒரு நாட்டின் தொலைபேசி நிறுவனம் ஜூலை மாதம் எங்கள் வேலியை வாங்கியது. இனி அந்த நாட்டின் இணையம் முழுவதும் எங்கள் அடுக்குகளின் வழியே போகும். ஐஹம் கேக் வெட்டினான்.

“பள்ளிக்கூடத்துக்குப் போட்ட அடுக்குடா அது. வீட்டுல பெரியவங்களும் இருப்பாங்களே?” என்று கேட்டேன்.

“எந்த அடுக்க மூடணும், எத தொறக்கணும்னு அவங்க முடிவு பண்ணுவாங்க பெரியம்மா. நாம அடுக்கித் தர்றோம், அவ்வளவுதான்.”

“அப்ப நாம யாரையும் தடுக்கல?”

“நாம தடுக்கல.”

“அப்ப எதுக்குடா காசு தர்றாங்க?”

கேக் ஊட்டிவிட்டான். நன்றாகத்தான் இருந்தது. எனினும் அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் செய்வது பழைய வேலைதான், மேசையும் நாற்காலியும் கூடப் பழையவைதான். மாறியது எது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை.

வஜீஹா

*

லார்னகா
ஜனவரி 15, 2009

வஜீஹா,

கேக்குக்கு வாழ்த்துகள். எனக்கு ஓர் உதவி வேண்டும்.

என் பக்கத்துக்குக் கடிதங்கள் குறைந்துவருகின்றன. கோடையின் தொடக்கத்தில் நாற்பதாக இருந்தது ஆகஸ்டில் பன்னிரண்டு ஆயிற்று. இப்போது நாளொன்றுக்கு ஐந்து. அதில் இரண்டு எனக்குத் தலைமுடி வளரும் எண்ணெய் விற்கப் பார்க்கின்றன. பக்கம் பழுதாகிவிட்டதா என்று தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். திறக்கிறது. மகனும் பார்த்தான். “அம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒருவேளை அவங்களுக்குச் சந்தேகமெல்லாம் தீந்துபோச்சோ என்னவோ” என்கிறான். இவனைப் பெற்றதற்கு எனக்கு ஏழு தையல்.

நீ அங்கிருந்து ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்.

நுஹாத்

*

அம்மான்
பிப்ரவரி 4, 2009

அன்புள்ள நுஹாத்துக்கு,

அலுவலகத்தில் பார்த்தேன், வீட்டிலும் பார்த்தேன். உன் பக்கம் உடனே திறக்கிறது. ஆறு படங்களும் தெளிவாக உள்ளன. ஐந்தாவதில் கட்டைவிரல் சற்றுப் பெரிது.

குறை பக்கத்தில் இல்லையென்றால் வேறெங்கு என்று யோசித்தேன். உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஆகவே எழுதுகிறேன். எழுத்து மிகச் சிறியது. நீ திட்டுவது அதிகம். இளம்பெண்களுக்கு இப்போது காணொளி வேண்டுமாம். மக்கள் ஒரு மருத்துவரை விட்டு இன்னொருவரிடம் போவது புதிதல்ல. பத்து ஆண்டுகள் வாசகர் பழகிய நூலகத்தை ஒரே பருவத்தில் கைவிட்டதை நான் கண்டிருக்கிறேன். எதிரில் ஒரு காப்பிக்கடை திறந்தது, அவ்வளவுதான் காரணம்.

மனத்தைத் தளரவிடாதே என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதியதாக வைத்துக்கொள்.

வஜீஹா

*

லார்னகா
நவம்பர் 2, 2009

வஜீஹா,

உன் பிப்ரவரிக் கடிதத்தை நம்பினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். திட்டுவதை நிறுத்தினேன், எழுபத்திரண்டு வயதில் இனிமையாகப் பேசக் கற்றுக்கொண்டேன். படங்கள் அருவருப்பாக இருக்கிறதோ என்று செப்டம்பரில் ஆறையும் எடுத்தேன். கடிதங்கள் இன்னும் குறைந்தன. டிசம்பர் கடைசியில் பக்கத்தையே மூடிவிடுவது என்று மகனிடம் சொல்லிவிட்டேன். யாருக்கும் வேண்டாத கிழவி வாசலில் உட்கார்ந்து கூவிக்கொண்டிருப்பது அசிங்கம்.

போன வாரம் கடற்கரை விடுதியில் ஒரு செவிலி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உங்கள் தொலைபேசி நிறுவனம் இருக்கும் அந்த நாட்டில் வேலை செய்கிறவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டரம்மா, ஏன் போன வருஷம் பக்கத்த மூடிட்டீங்க? எங்க வார்டுல எத்தன பேரு உங்களத் தேடினாங்க தெரியுமா? உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு நெனச்சோம்” என்றாள்.

நான் மூடவில்லை என்றேன். அவள் தன் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். என் முகவரிக்குக் கீழே என் பக்கம் இல்லை. பச்சை நிறத்தில் ஒரு வேலிச் சின்னம். “இந்தப் பக்கம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதல்ல. ஸியாஜ்.” அது நானே போட்ட அறிவிப்பு என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ திறந்து பார்த்தாயே? திறந்தது என்று எழுதினாயே? யார் மூடியது? பெயர் வேண்டும்.

நுஹாத்

*

அம்மான்
நவம்பர் 23, 2009

நுஹாத்துக்கு,

கண்டறிந்ததைக் கண்டறிந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு வரிசை எனக்குத் தெரியவில்லை.

முதலாவது, நான் பொய் சொல்லவில்லை. எங்கள் அலுவலகக் கணினிகளில் வேலி கிடையாது. எல்லாப் பக்கங்களையும் பார்த்து அடுக்க வேண்டியவர்களுக்கு வேலி போட்டால் வேலை நடக்காதல்லவா? வீட்டில் எனக்கு இணைப்புக் கொடுத்திருப்பதும் அலுவலகம்தான். வேலி எப்படித் தெரியும் என்பதை அம்மானில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் நாங்கள் நூற்று நாற்பது பேரும். நீயும் வேலிக்கு அந்தப் பக்கம் இல்லை. நாம் இருவரும் ஒரு திறந்த வாசலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, நீ மருத்துவத்தில் இல்லை. பதினான்காம் அடுக்கில் இருந்தாய். அதன் பெயர் ‘ஆடையற்ற உடல்’. உன் ஆறு படங்களால் அங்கே போனாய். ஏழாம் வகுப்புப் பையன்கள் கூடிச் சிரிக்காமலிருக்க, பதினொரு பள்ளிகளுக்காக 2006 மே மாதம் வைத்தது. மருத்துவத்திலும் சேர்த்து வைத்திருக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஓரிடம்தான் என்று வாதாடி வென்றது யார் என்பது உனக்குத் தெரியும். தொலைபேசி நிறுவனம் பதினான்கை மொத்தமாக மூடியது. நீ படங்களை எடுத்தபின்னும் யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை. ஒருமுறை அடுக்கியதை மறுபடி பார்க்கும் வழக்கம் இங்கு இல்லை.

மூன்றாவது, யார் என்று கேட்டாய். பதிவில் ‘3’ என்றிருக்கிறது. அந்த நாட்களில் மூன்றாம் எண் கணினியை நானும் ரஹஃப் என்ற பெண்ணும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். அவள் இப்போது குழந்தை பெற்று இர்பிதில் இருக்கிறாள். தொலைபேசியில் கேட்டேன். “வஜீஹாம்மா, ஒரு நாளைக்கு அறுநூறு பக்கம் பாத்தோம். பல்லு தேய்ச்சது ஞாபகம் இருக்குமா?” என்றாள். எனக்கும் நினைவில்லை. உன் கோடுகள் எனக்குத் தெரியும். விடுதியில் என் குறிப்பேடெல்லாம் நீ எலும்புகள் வரைந்திருக்கிறாய். பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். அறுநூறில் ஒன்றாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? தெரியவில்லை.

ஐஹமிடம் போனேன். “டாக்டரம்மாவ ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்க. நாப்பது நாள்ல பரிசீலிச்சு...” என்று தொடங்கினான்.

“அவ போட மாட்டா. நானும் கேக்க மாட்டேன். நீ இப்ப எந்திரி, அந்த நாற்காலிய எனக்குக் குடு.”

“பெரியம்மா, அதுக்கு ஒரு முறை இருக்கு!”

“அந்த முறைய எழுதினவ நான்தான்டா.”

எழுந்தான். உன்னை மருத்துவத்துக்கு மாற்றினேன். நான்கு விநாடி ஆயிற்று. தயவுசெய்து டிசம்பரில் மூடாதே. தயவுசெய்து என்ற சொல்லை உனக்கு நான் எழுதியதில்லை என்பதைக் கவனி.

வஜீஹா

*

லார்னகா
டிசம்பர் 18, 2009

வஜீஹா,

மூடவில்லை. ஒரே வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். படங்களைத் திரும்பப் போட்டேன், திட்டவும் தொடங்கிவிட்டேன்.

அவற்றில் பதினொன்று, ஏன் எங்களைக் கைவிட்டீர்கள் என்று கேட்கின்றன. கோபமாக இல்லை, தயங்கித் தயங்கி, தாங்கள்தான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டது போல. நான்கு நாட்களாக முயன்றுவிட்டேன், காரணம் எழுத வரவில்லை. அடுக்கு, எண், விற்பனை, பதினொரு பள்ளி: எழுத எழுத ஒருவரும் ஒன்றும் செய்யாதது போலவே ஆகிறது. உனக்கு நல்ல நடை உண்டு. ஒரு பத்தி நீ எழுதி அனுப்பு. பதினொருவருக்கும் அதையே அனுப்புகிறேன்.

பன்னிரண்டாவது ஒரு தங்கையிடமிருந்து வந்தது. அக்காவுக்கு இடது மார்பில் பட்டாணி அளவில் கட்டி. மூன்று வாரம் கழித்து, மாதவிலக்கு முடிந்ததும் தடவிப் பார்த்து எனக்கு எழுதச் சொல்லியிருந்தேன். அது 2008 ஜூன் கடைசி. அக்கா எழுத வந்தபோது வேலி இருந்தது. டாக்டரம்மாவே பக்கத்தை மூடிவிட்டார் என்றால் பயப்பட ஒன்றுமிராது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்தக் கடிதத்துக்கு நானே பதில் எழுதிவிட்டேன். அதை உன்னிடம் கேட்கவில்லை.

பத்தி வரும்வரை வேறு எதுவும் எழுதாதே.

நுஹாத்

*

அம்மான்
ஜனவரி 10, 2010

நுஹாத்,

கீழே இருப்பது ஒன்பதாவது வரைவு. முதல் எட்டிலும் என் நடை நன்றாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

“சகோதரிக்கு. டாக்டர் நுஹாத் உங்களைக் கைவிடவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் உங்கள் கடிதத்துக்காகப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நீங்கள் தவறாக எதுவும் கேட்கவில்லை. நடுவில் நான் இருந்தேன். அம்மானில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, அவருடைய பக்கத்தைப் பார்க்கத் தகாதவற்றோடு வைத்தேன். யாரோ ஒரு சிறுவனுக்காகச் செய்தது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று மூன்று பேர் எனக்கு விளக்கினார்கள். இன்னும் விளங்கவில்லை. செய்தது விளங்குகிறது. வஜீஹா.”

என் கைதானா என்பது உறுதியில்லை என்று உனக்குத் தெரியும். ‘இருவரில் ஒருவர்’ என்று தொடங்கும் கடிதத்தை யாரும் முடிவுவரை படிக்க மாட்டார்கள். ரஹஃபுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே; வாக்கியம் அப்படித்தான் நிற்கிறது.

நான் வேலையை விடுவேன் என்று ஐஹம் எதிர்பார்த்தான். வழியனுப்பு விருந்துக்கு ஆட்டிறைச்சிகூடச் சொல்லிவைத்துவிட்டான் என்று நினைக்கிறேன். விடவில்லை. பதினான்காம் அடுக்கில் நாற்பத்தோராயிரம் பக்கங்கள் இருக்கின்றன. முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, கடைசி வரி வரை படிக்கிறேன். நாளொன்றுக்குப் பதினைந்து முடிகிறது. என் வயதை வைத்துக் கணக்குப் போடாதே, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்தத் தங்கைக்கு நீ என்ன எழுதினாய் என்று கேட்கமாட்டேன். அவளுடைய முகவரி வேண்டும். நான் அவளுக்கு என்ன எழுதுவேன் என்று கேட்பாய். தெரியாது. கொடுக்க மனமில்லையென்றால் கொடுக்காதே, ஆனால் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடு. தபால்பெட்டி எண் மாறவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன்.

வஜீஹா