பிரிண்டருக்குக் காட்டிய கற்பூரம்

ஏனுங்க,

இருபத்தாறு வருஷம் இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். லேத் ஓடுகிற சத்தத்திலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இன்றைக்கு உங்கள் போட்டோவைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுவதற்காக எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிரிண்டர் ஓடுகிறது. பட்டறையும் ஓடுகிறது, நம் ஆட்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நானே பார்த்துக்கொள்கிறேன்.

உக்கடத்துப் பழைய சாமான் கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எங்கேயோ எடைமேடையில் சீட்டு அடித்துக்கொண்டிருந்த மிஷின். "ஏனுங்க, வேற வேலையே இல்லீங்களா?" என்று கேட்டேன். "இதுக்கு மையும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம் ருக்கு. சூடு பட்டாக் கறுக்கற காகிதம், அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த அகலத்துக்குச் சுருள் கிடைக்காமல், ஃபேக்ஸ் சுருளை வைஸில் பிடித்து ரம்பத்தால் அறுத்தீர்கள். ரம்பம் தேய்த்த சூட்டில் ஓரமெல்லாம் கறுத்துப்போக, அதைக் காட்டி என்னிடம் சின்னப் பையன் மாதிரிச் சிரித்தீர்கள்.

பொழுதுபோக்கு என்றுதான் எல்லாரிடமும் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். நம் பூங்கொடி மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போனதிலிருந்து, உங்கள் அண்ணன் அவள் பேச்சையே எடுக்கவிடவில்லை. தபால்காரர் நம் கடிதங்களையும் உங்கள் அண்ணன் இருக்கிற பெரிய வீட்டில்தான் கொடுப்பார், அவள் எழுதியது ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. போனும் பெரிய வீட்டோடு சேர்ந்த ஒரே லைன், அடித்தால் அவர்தான் முதலில் எடுப்பார். அதனால்தான் அவர் நடைக்குப் போகிற காலை ஆறு மணிக்கு, கம்ப்யூட்டர் தானாக இன்டர்நெட்டைக் கூப்பிட்டு, பூங்கொடியின் மெயிலை வாங்கி, அந்தச் சீட்டில் அடித்துத் தருகிற மாதிரி செய்தீர்கள்.

முதல் சீட்டு வந்த காலையில் நீங்கள் அழுதீர்கள். நான் பத்தாவது படித்தவள், இங்கிலீஷ் எழுத்தில் அவள் எழுதிய தமிழைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். "அப்பா, அம்மா, நல்லா இருக்கீங்களா. பெரியப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குது." கிழிக்காதே, மிஷின் வாயிலேயே தொங்கட்டும் என்றீர்கள்.

ஒன்று கேட்கட்டுமா? இவ்வளவு செய்யத் தெரிந்த உங்களுக்கு, "அவ என் மக அண்ணா" என்று ஒரு வார்த்தை நேரில் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். பூங்கொடிக்குச் சொல்லிவிடக் கூடாது என்று உங்கள் அண்ணன் உத்தரவு. அவள் மெயில் அந்த வழியாக வருவதை யாரோ சொல்லக் கேட்டு, கருமாதி முடிந்த அன்றே கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி, சாக்கைப் போட்டு மூடினார். ஒரு மாசம் நானும் சும்மா இருந்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

ஒரு மாசம் கழித்துச் சாக்கை எடுத்தேன். உங்கள் டைரியைப் பார்த்து வயரைச் சொருகினேன். திரை என்ன கேட்டது தெரியுமா? உங்கள் பெயரை. ரேஷன் கார்டுக்குக் கேட்டால்கூட மகளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னவள் நான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். பாஸ்வேர்டை டைரியில் நீங்கள் எழுதி வைக்கவில்லை. மகள் பெயரைத் தட்டிப் பார்த்தேன், திறந்துகொண்டது. அப்பா போய்விட்டார் என்பதை அன்றைக்குத்தான், அந்த வழியாகத்தான், உங்கள் மகளுக்குச் சொன்னேன். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு காலை வரக் கூடாது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. துக்க வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது என்றார்கள். அதுவும் தாலி இழந்த நான் கற்பூரத் தட்டு எடுக்கவே கூடாதாம். மிஷின் வருஷம் முழுக்க உழைத்திருக்கிறதே, அதற்கு என்ன துக்கம்? லேத்துக்குப் பொட்டு வைத்தேன், டிரில்லிங் மிஷினுக்கு வைத்தேன், உங்கள் பிரிண்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். கற்பூரத்தைக் கிட்டக் கொண்டுபோய்ச் சுற்றினேன். தொங்கிக்கொண்டிருந்த அந்த முதல் சீட்டு கண்ணெதிரே கன்னங்கரேலென்று கறுத்துவிட்டது. ஒரு எழுத்து மிச்சமில்லை.

உங்கள் அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தார். "பாத்தியா அம்மணி, சாமியே வேண்டாம்னு கருக்கிப்போட்டுது. துக்க ஊட்டுல பூசையும் வேண்டாம், அந்தப் புள்ள சகவாசமும் வேண்டாம். அந்த மிஷினைத் தூக்கிப் போட்டுரு."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் நானும் அதை நம்பிவிட்டேன். அப்புறம் ரம்பத்தில் அறுத்த சுருளின் கறுத்த ஓரம் ஞாபகம் வந்தது. உங்கள் சிரிப்பும் வந்தது.

"சாமி ஒண்ணுஞ் செய்யலீங் மாமா. சூடு பட்டாக் கறுக்கற காகிதமுங்க அது. கற்பூரத்தை நாந்தான் கிட்டக் கொண்டுபோயிட்டேன்" என்றேன். காகிதத்தில் இருந்ததுதான் போனது, மெயில் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருந்தது. டைரியில் நீங்கள் எழுதி வைத்தபடி தட்டினேன். கிர்ரென்று அதே வரிகள் மறுபடி வந்தன. கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன். முட்டி வலியை விசாரித்த இடத்தில் அவர் கண் நின்றதைப் பார்த்தேன். சீட்டை லேத் மேலே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்னொரு சீட்டு. பூங்கொடி கைக்குழந்தையோடு வருகிறாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில். நீங்கள் ஒளித்து ஓட்டினீர்கள், நான் ஒளிக்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். "அவ வந்தா உன்ற வாசலை நான் மிதிக்க மாட்டேன்" என்றார் உங்கள் அண்ணன். "உங்க இஷ்டமுங் மாமா. எம்பட ஊட்டுக் கதவு தொறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். 

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு நானே போகிறேன். பின்பக்கச் சந்து வழியாக வர மாட்டேன். பெரிய வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆட்டோ வரும், பேரனை என் மடியில்தான் வைத்திருப்பேன். அவனை உங்கள் பிரிண்டர் முன்னால் உட்காரவைத்து, இது உன் தாத்தா செய்தது என்று உங்கள் பெயரைச் சொல்லியே சொல்வேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் அதற்குக் கற்பூரம் காட்டுவேன், ஒரு முழம் தள்ளி நின்று. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
நாச்சிமுத்துவின் சம்சாரம், பூங்கொடியின் அம்மா,
ருக்குமணி