முதல் சூடு

வொன்ஜு, ஜனவரி 12

அக்கா,

அம்மாவின் இருமலுக்கு வயதுதான் காரணம் என்று போனில் சொன்னேன். பொய்.

இந்த வீட்டுத் தரையைச் சூடாக்க, அதனடியில் வெந்நீர்க் குழாய் போகும் வழியை வரைந்தவன் நான்தான். அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. முதலில் எங்கள் அறை, பிறகு கூடம், கடைசியில் அம்மா அறை. அங்கே போவதற்குள் தண்ணீர் ஆறிவிடும் என்று தெரிந்தே வரைந்தேன். நான் குழாய் பதிக்கும் மற்றவர் வீடுகளில் பெரியவர் அறைக்குத்தான் முதல் சூடு கொடுப்பேன்.

மூன்று பனிக்காலமாக அம்மா, "நல்லா கதகதன்னு இருக்குப்பா" என்றே சொல்லி வந்தாள்.

நேற்று நான் வேலையிலிருந்து வந்தபோது, எனக்கான சோற்றுக் கிண்ணத்தை ஆறாமலிருக்கப் போர்வையில் சுற்றி எங்கள் அறைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுல உன் போர்வைக்குள்ளதானேம்மா வைப்ப?"

"என் ரூம்ல ஆறிடுதுப்பா."

குழாய் வழியை மாற்றி வரைந்துவிட்டேன்; நாளை தரையை உடைக்கிறேன். குழாய் ஒழுகுகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

உன் தம்பி