துங்குவின் ஏழாவது கடிதம்

தனேஸ்,

நீ கோவிச்சுக்கிட்டு காம்பாருல உங்க அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆச்சு. போனை எடுக்க மாட்டேங்கிற, அதனால எழுதுறேன்.

என் அப்பா இறந்தப்போ, அவர் கார் ஓட்டின, ஊரே அறிஞ்ச இளவரசர் துங்குவோட மகள், துங்கு தனக்கு எழுதின கடிதங்களை நம்மகிட்ட கொடுத்தாங்கல்ல, அதை வாங்க நீ போனப்புறம் ஈப்போ பழம்பொருள் வியாபாரி வந்தாரு. லென்ஸ் வெச்சுக் கையெழுத்தை மட்டும் பார்த்தாரு. நானும் மையைச் சோதிச்சேன், ஸ்கேன் பண்ணேன், ஒண்ணையும் படிக்கல. "ஒரு தடவ படிச்சிட்டு வித்துக்குங்கலா"ன்னு நீ சொன்னதுக்குத்தான், நீ கிளம்பின அன்னைக்குக் கத்தினேன்.

"ஏழுன்னீங்க தம்பி, ஆறுதானே இருக்கு?"ன்னாரு வியாபாரி. தேடினேன். ஏழாவது அரிசி டின்னுல இருந்துச்சு. உன் வேலைதான். நின்னபடியே படிச்சேன்.

ஹாஸ்டல்ல இருந்த மகளுக்குத் துங்கு எழுதியிருக்காரு: "இதைக் கொண்டு வரும் மாணிக்கம் மழையில் கார் ஓட்டி வந்திருப்பார். முதலில் அவருக்குச் சூடாகக் கோப்பி கொடு. மிச்சத்தைப் பிறகு படி."

டிரைவர்னு எழுதல. அப்பா பேரை எழுதியிருக்காரு.

வியாபாரியை அனுப்பிட்டேன். ஒளிச்சு வெச்சதுக்கு நன்றி, தனேஸ். இல்லைன்னா அப்பாவையும் சேர்த்து வித்திருப்பேன்.

சனிக்கிழமை வாரேன். முதல்ல கோப்பி குடு, அப்புறம் திட்டு.

கையெழுத்து போடல. நீ அதைப் பார்க்கிறவ இல்ல, உள்ளே இருக்கிறதைப் படிக்கிறவ.